நகல் சொன்ன சாட்சி

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறினால் வரும். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 700 மீட்டர். அதன் காட்டுக்குள்ளேதான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. சனிக்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்கு ஒரு சின்னத் தொலைநோக்கியில் வானத்தைக் காட்டுவார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல வருஷ ஆசை. கடைசியில் என் தங்கை மகன் கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டை வந்து சேர, நானும் சென்னையிலிருந்து வந்து சேர, இருவருமாகக் கிளம்பினோம்.

போன அன்றைக்கு மேகம். சாதாரண மேகம் அல்ல. வானத்துக்குக் கம்பளி போர்த்தியது போல் ஒரே மூட்டம். ஒரு நட்சத்திரம்கூடக் கண்ணில் படவில்லை. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். மருமகன் சிரித்துக்கொண்டே தன் கைபேசியை எடுத்து மேகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"இதோ பாருங்க மாமா, வியாழன் இந்த மேகத்துக்குப் பின்னாடிதான் இருக்கு."

உண்மைதான். அந்தக் கண்ணாடிச் சதுரத்தில் வானம் முழுவதும் விரிந்து கிடந்தது. நட்சத்திரங்கள் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டு பளபளவென்று மின்னின. கைபேசியைத் திருப்பினால் வானமும் கூடவே திரும்பிற்று. மேகமும் கிடையாது, கொசுவும் கிடையாது. பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் ஏனோ எனக்கு மனசு ஒப்பவில்லை. அதைச் சொன்னதும் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் தொடங்கியது. கீழே இறங்கி விடுதிக்கு வந்த பிறகும் அது ஓயவில்லை.

மருமகன் கோயம்புத்தூரில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் என்ஜினீயர். அவன் தொழிலில் இப்போது பெரிதாகப் பேசப்படும் சமாசாரம் 'டிஜிட்டல் ட்வின்' என்பது. தமிழில் கணினி இரட்டை என்று சொல்லலாம். நான் கல்லூரிப் படிப்பை இரண்டாவது வருஷத்தோடு விட்டவன். எனக்குப் புரிகிற மாதிரி அவன் பொறுமையாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு பம்பு செய்வதற்கு முன்னால் அதன் அளவுகள், உலோகத்தின் குணம், அதற்குள் தண்ணீர் ஓடும் விதம் எல்லாவற்றையும் கணக்காகக் கணினிக்குள் ஏற்றி, அங்கே ஒரு பம்பை உண்டாக்குகிறார்கள். அதை ஓட்டிப் பார்க்கிறார்கள். சூடேற்றுகிறார்கள், திணற அடிக்கிறார்கள், உடைத்தும் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் பட்டறையில் பத்துப் பம்பைச் செய்து பத்தையும் பாழாக்கித்தான் பதினொன்றாவதைக் கடைக்கு அனுப்ப முடியும். இப்போது பாழாவதெல்லாம் கணக்கிலேயே பாழாகிவிடுகிறது. இவ்வளவோடு நின்றால் அது வெறும் மாதிரி. பம்பு உண்மையாகவே உருவாகி வேலைக்குப் போன பிறகு, அதில் பொருத்திய உணர்கருவிகள் அதன் சூட்டையும் நடுக்கத்தையும் மின்சாரம் இழுக்கும் அளவையும் விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். இங்கே பம்புக்கு வயசானால் அங்கே இரட்டைக்கும் வயசாகும். இங்கே பல்லு ஆடினால் அங்கேயும் ஆடும். அதைப் பார்த்து, விழுவதற்கு முன்பே பல்லைப் பிடுங்கிவிடலாம். அடுத்த பம்பை வரையும்போது பழைய பம்புகளின் ஆயுள் சரித்திரமெல்லாம் கையில் இருக்கும்.

இந்த எண்ணத்தை 2002-இல் அமெரிக்காவில் மைக்கேல் கிரீவ்ஸ் என்பவர் எடுத்துச் சொன்னார் என்றும், 2010-ஐ ஒட்டி நாசாவின் ஜான் விக்கர்ஸ் அதற்கு இரட்டை என்று பெயர் வைத்தார் என்றும் சொல்கிறார்கள். பெயர் வைக்கும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது என்பது மருமகனின் கட்சி. 1970 ஏப்ரலில் சந்திரனுக்குப் போன அப்போலோ 13 கப்பலில் பிராணவாயுத் தொட்டி வெடித்தது. மூன்று பேர் நடுவழியில். அவர்களோடு போக வேண்டியவர் கென் மாட்டிங்லி. ஜெர்மன் தட்டம்மை தொற்றியிருக்கலாம் என்ற பயத்தில் கடைசி நேரத்தில் அவரைப் பூமியிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். விண்கலத்தின் அச்சாகப் பூமியில் பயிற்சிக் கூடுகள் இருந்தன. அணைத்து வைத்த யந்திரங்களைக் குறைந்த மின்சாரத்தில் எந்த வரிசையில் மறுபடி உயிர்ப்பிப்பது என்பதை அந்தக் கூட்டில் முயன்று பார்த்து வகுத்தவர்களில் மாட்டிங்லியும் ஒருவர். மேலே இருந்தவர்கள் அந்த வரிசைப்படியே செய்து உயிரோடு திரும்பினார்கள்.

"நகல் மூணு பேரைக் காப்பாத்தியிருக்கு மாமா. நீங்க என்னடான்னா மேகம் இல்லாத வானம் பொய்ங்கறீங்க" என்றான்.

பொய் என்று நான் சொல்லவில்லை. நாவல் எழுதிப் பிழைக்கிறவன் நகலைப் பழிக்க முடியுமா? என் பிழைப்பே நகல் பண்ணுவதுதான். என் சந்தேகம் வேறு. அசலும் நகலும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும்போது நாம் யார் பேச்சைக் கேட்கிறோம்? அந்தச் சமயத்தில் நம் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது? எனக்கு இது என்ஜினீயரிங் விஷயமாகப் படவில்லை. தர்ம நியாய விஷயமாகவே படுகிறது.

இதற்குக் காவலூரிலேயே ஒரு கதை இருக்கிறது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். கோடைக்கானல் வானாய்வகத்துக்கு 1960-இல் தலைவராக வந்த வைணு பாப்பு, தெற்கு வானமும் வடக்கு வானமும் சேர்ந்து தெரிகிற இடமாகத் தேடிக் காவலூரைத் தேர்ந்தெடுத்தவர். பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவரே. கண்ணாடியைப் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிலையத்தின் பட்டறையில் தேய்த்து மெருகேற்றினார்கள். அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை மகாராஷ்டிரத்தில் வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது. பாப்பு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1982 ஆகஸ்டில் மியூனிக்கில் காலமானார். 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அதற்கு அவர் பெயரைச் சூட்டினார்.

கிட்டத்தட்ட அதே அகலத்தில், 2.4 மீட்டரில், 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் இன்னொரு கண்ணாடி உருவாகிக்கொண்டிருந்தது. ஹபிள் விண்தொலைநோக்கியின் கண்ணாடி. செல்வம் கொழிக்கும் தேசம், உலகத்திலேயே தேர்ந்த தொழிலாளிகள். இந்த வகைக் கண்ணாடியில் பிசகு என்பது ஒளியலையின் நீளத்தில் ஒரு சிறு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதை விரலால் தடவியோ அளவுகோலால் அளந்தோ அறிய முடியாது. நட்சத்திரத்தைப் பட்டறைக்கு அழைத்து வரவும் முடியாது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்வார்கள். கண்ணாடி சரியான வடிவில் இருந்தால் ஒளி எப்படித் திரும்பி வர வேண்டுமோ, அந்த உத்தம வடிவத்துக்கு எதிர் அச்சாக, லென்ஸையும் சிறு கண்ணாடிகளையும் வைத்து ஒரு சோதனைக் கருவியைக் கட்டுவார்கள். கண்ணாடி அந்தக் கருவியோடு பொருந்திவிட்டால் சரி என்று அர்த்தம்.

ஹபிளுக்காகக் கட்டிய கருவி மிக நுட்பமானது. ஆனால் அதைக் கூட்டும்போது ஓர் அளவுகோல் தண்டின் நுனியில் படவேண்டிய ஒளிக்கதிர், அதன் மூடியில் சாயம் உதிர்ந்திருந்த இடத்தில் பட்டுத் திரும்பிவிட்டது. அதனால் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி அமைந்தது. லென்ஸை அவ்வளவு தூரம் தள்ள இடம் போதாமல் வாஷர் வைத்து இறக்கினார்கள் என்றுகூடப் பிற்பாடு தெரிய வந்தது. இடம் போதவில்லையே, ஏன் என்று அந்த நிமிஷத்தில் ஒருவர் நின்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பிறகு அந்தத் தப்பான கருவி எப்படிச் சொல்லிற்றோ அப்படியே, துளியும் பிசகாமல், கண்ணாடியைத் தேய்த்தார்கள். உலகத்தில் அவ்வளவு கச்சிதமாக எந்தத் தவறும் செய்யப்பட்டதில்லை!

இதைவிட என்னைத் தூங்கவிடாமல் அடித்தது அடுத்த விஷயம். வேறு இரண்டு சோதனைகளும் நடந்திருக்கின்றன. அவை அவ்வளவு நுட்பமில்லாதவை. இரண்டுமே கண்ணாடியில் கோளாறு இருப்பதாகக் காட்டியிருக்கின்றன. அவற்றைப் பார்த்தவர்கள், 'இவை முரட்டுக் கருவிகள். நம் உயர்ந்த கருவி சரியென்கிறதே' என்று ஒதுக்கிவிட்டார்கள். 1990 ஏப்ரலில் ஹபிள் வானத்துக்குப் போயிற்று. நட்சத்திரங்கள் மசமசவென்று தெரிந்தன. கண்ணாடியின் ஓரம் தலைமயிர்ப் பருமனில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு கூடுதலாகத் தட்டையாக இருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

மருமகன் விடவில்லை. "அது சோதனைக் கருவி மாமா, இரட்டை இல்லை. இரட்டைன்னா அசல்கிட்டேயிருந்து சேதி வந்துக்கிட்டே இருக்கும். தப்பு இருந்தா அதுவே திருத்திக்கும்."

அவன் சொல்வது நியாயம்தான்; இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கண்ணாடிக்கும் கருவிக்கும் பின்னால் இருந்தது ஒரே மனிதர்களின் ஒரே நம்பிக்கை. அப்படி இருக்கும்போது ஒன்றின் பிசகை மற்றொன்று எப்படிச் சொல்லும்? சேர்ந்து பாடம் படித்த இரண்டு சாட்சிகளைப் போலத்தானே? சேதி வந்துகொண்டே இருக்கிறது என்கிறான். என்ன சேதி? எந்த இடத்தில் உணர்கருவியை வைக்க வேண்டும் என்று எவனோ ஒருவன் முன்கூட்டி நினைத்தானோ, அந்த இடத்துச் சேதி மட்டும். நினைக்காத இடத்துக்கு வாய் கிடையாது.

மறுநாள் காலை ஆலங்காயத்தில் டீ குடிக்கும்போது இந்த வாக்குவாதத்துக்கு மூன்றாவது ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார். மலைமேல் கிணற்றுப் பாசனம் வைத்திருக்கும் விவசாயி. சாமையும் கொஞ்சம் காய்கறியும் போடுகிறாராம். மருமகன் பம்பு கம்பெனி என்று தெரிந்ததும் மரியாதையாகவே பேசினார்.

"மோட்டாரு நல்லாத்தாங்க செய்யறாங்க. எங்க கெணத்துல கோடைக்குத் தண்ணி அடிமட்டத்துக்குப் போனா மண்ணும் சேர்ந்து வருது. கரெண்டு எப்ப வரும்னு தெரியாது, சுவிச்சைப் போட்டுட்டுப் படுத்துருவோம். நடுராத்திரி வந்து தண்ணியில்லாமலே ஓடியிருக்கும். இதெல்லாம் கம்பெனிக்கு யாருங்க சொல்றது?"

மருமகன் டீயைக் கீழே வைத்துவிட்டு, மண் எந்த மாதத்திலிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, மணலா சேறா என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தான். பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான். அவர்மேல் இருந்த கவனத்தில் டீ ஆறிப்போயிற்று. என் தங்கை பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காவலூரைப் பற்றி நான் சொல்ல வந்த கதை இன்னும் பாக்கி இருக்கிறது. பெரிய தொலைநோக்கி வருவதற்கு முன்னால், 1972 முதல் அங்கே ஒரு மீட்டர் அகலத் தொலைநோக்கி ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. 1977 மார்ச் 10-ஆம் தேதி இரவு யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகும் என்று கணக்குச் சொல்லிற்று. கணக்கும் ஒருவகையில் வானத்தின் இரட்டைதானே? காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கிரகம் வருவதற்கு வேளை இருக்கும்போதே ஒளி சில வினாடிகள் மங்கி, மறுபடி பழையபடி ஆயிற்று. கணக்கில் அப்படி ஒன்றும் இல்லை. மேகத் துணுக்கு என்றோ, கருவிக்கு இழுப்பு வந்துவிட்டது என்றோ சொல்லி அதைத் தள்ளிவிடச் சகல சௌகரியமும் இருந்தது. அவர்கள் தள்ளவில்லை. யுரேனஸுக்குப் புதிதாக ஒரு சந்திரன் இருக்க வேண்டும் என்று கருதி அதைப் பிரசுரித்தார்கள். அந்த முடிவு சரியல்ல. அது யுரேனஸைச் சுற்றியுள்ள வளையம். ஆகாய விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்த அமெரிக்க விஞ்ஞானிகள் இருபுறமும் பல மங்கல்களைக் கண்டு வளையம் என்று தீர்மானித்தார்கள். விளக்கம் பிசகியது பற்றி எனக்கு ஒன்றும் குறையாகத் தோன்றவில்லை. அந்த ராத்திரி மலைமேல் உட்கார்ந்திருந்த இருவரும், கணக்கில் இல்லாத சில வினாடிகளை நம்பினார்கள். அமெரிக்கப் பட்டறையில் இரண்டு முரட்டுச் சாட்சிகளை வெளியே அனுப்பினவர்கள் அவர்களைவிட அறிவில் குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் ஒரு பூரணமான நகல் இருந்தது. பூரணமான பொருள் கையில் இருக்கும்போது மனிதன் காது கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது.

இதை நான் ஊரார் குற்றமாக எழுதவில்லை. சொந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

என் மூன்றாவது நாவலில் ஒரு விதவைப் பெண்மணி வருவாள். எந்தக் கஷ்டம் வந்தாலும் ஒரு கேலிப் பேச்சால் அதைத் துடைத்தெறிந்துவிட்டு, மற்றவர்களுக்குச் சோறு போடுகிறவள். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள். வாசகர்கள் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவள் என் அத்தையின் நகல். நடை, உடை, சிரிப்பு, புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகும் தினுசு எல்லாம் அத்தையுடையவை. பத்து வருஷம் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். கச்சிதமாக அமைந்துவிட்டது என்று எனக்குக் கர்வம்.

நாவல் வந்த பிறகு எனக்குள் என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அத்தையைப் பார்ப்பதற்குப் பதில் நான் அந்தப் பாத்திரத்தையே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது அத்தை காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். "டம்ளர் நகர்ந்துடுத்துடா" என்றாள். என் கதாநாயகி சொல்லக்கூடிய பேச்சு! அடுத்த கதையில் சேர்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். இன்னொரு தடவை வாசல்படியில் தடுக்கினாள். போனில் ஒரு நாள், "பக்கத்துலே வர்ற ஆளே தெரியமாட்டேங்கறதுடா, கண்ணு என்னமோ பண்ணறது" என்றாள். "உங்களுக்கு வேண்டாத ஆளாக இருக்கும் அத்தை" என்று நான் வேடிக்கை பேசினேன். என் நகலுக்கு உடம்பு முடியாமல் போனதே கிடையாது. நான் அப்படி எழுதவில்லையே!

அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது பக்கத்து வீட்டுப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப்போயிருந்தது. பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் போகுமாம். ஒரு கண்ணில் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது; மற்றதில் மிச்சமிருப்பதை மருந்து போட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொட்டின காபியும் தடுக்கின படியும் முரட்டுச் சோதனைகள். இரண்டும் என் முகத்துக்கு நேரே கோளாறு என்றன. என்னிடம் அதைவிட நேர்த்தியான சாட்சி இருந்தது. ஐந்து பதிப்பு கண்ட சாட்சி.

ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் மருமகனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு அத்தைப் பாட்டி விஷயம் தெரியும், என் பங்கு தெரியாது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஹபிளை எப்படிச் சரி பண்ணினாங்க தெரியுமா மாமா?" என்று கேட்டான். எனக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும். அந்தத் தப்பான சோதனைக் கருவியை யாரும் கலைக்காமல், கண்ணாடி செய்த காலத்தில் இருந்தபடியே வைத்திருந்தார்களாம். அதை அளந்து பார்த்துப் பிசகு இவ்வளவு என்று துல்லியமாகக் கண்டுகொண்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய், அந்தப் பிசகுக்கு நேர் எதிரான பிசகைக் கண்ணாடி மாட்டிவிடுவது போல் உள்ளே பொருத்திவிட்டு வந்தார்கள். அதன் பிறகு ஹபிள் காட்டிய படங்களை உலகமே பார்த்தது.

"அதனாலே, நகலைத் தூக்கிப் போடறதுக்கு இல்லை மாமா. அது எவ்வளவு தப்புன்னு எழுதி வெச்சுக்கணும். எங்க ஆபீஸிலே 'கம்ப்யூட்டர்லே சரியா இருந்துது'ன்னு ஒரு வார்த்தை உண்டு. பம்பு ரிப்பேர்னு திரும்பி வந்தா முதல்லே அதைத்தான் சொல்லுவோம். நானும் சொல்லியிருக்கேன்."

கையெழுத்துப் போடுகிறவன் யாரோ அவன்தான் பொறுப்பு என்று நான் சொன்னேன். அவன் ஒத்துக்கொண்டான். ஆனால் இரட்டை ஆயிரம் தடவை ஓடிச் சரி என்று சொன்ன பிறகு, "எனக்கு என்னமோ சந்தேகமாயிருக்கு" என்று ஒருவன் மட்டும் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சிரமம் என்றும் சொன்னான். அந்தச் சந்தேகத்துக்கு அவனிடம் ஓர் எண் இருக்காது. எதிராளியிடம் பக்கம் பக்கமாக எண்கள் இருக்கும். இதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. வாஷர் வைத்து இறக்கின தொழிலாளியை நினைக்கும்போதெல்லாம், அவன் ஒருவேளை தயங்கியிருப்பானோ, யாரிடமாவது சொல்லப் போய்த் திரும்பியிருப்பானோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ரயில் வந்தது. அவன் மேற்கே போனான், நான் கிழக்கே வந்தேன். சென்ற வாரம் அவனிடமிருந்து சேதி வந்தது: மண் கலந்த தண்ணீரைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறானாம், மேலிடத்தில் பார்க்கலாம் என்றிருக்கிறார்களாம்.

நான் இப்போது மாதம் ஒரு தடவை அத்தையைப் பார்க்கப் போகிறேன். காபியை அவளே ஊற்றுகிறாள். இடது கை ஆட்காட்டி விரலை டம்ளரின் விளிம்பில் வைத்துக்கொண்டு, சூடு விரலைத் தொட்டதும் நிறுத்துகிறாள். போன தடவை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடா அப்படிப் பார்க்கறே? எழுதப்போறியா?"

"இல்லை அத்தை."

"பொய் சொல்றே" என்றாள்.